தண்ணி வாணம்

எங்கள் தோட்டத்தில் ஓட்டை இல்லாத டின் என்று ஒன்று கிடையாது. பால் டின்னோ மீன் டின்னோ, மதார் மைதீன் பாய் கடையை விட்டு வெளியே வரும்போது மூன்று ஓட்டையோடுதான் வரும். ஓட்டை விழுந்ததை அன்றைக்கே தின்று முடிக்க வேண்டும், எடுத்து வைத்துக் காட்டில் இருக்கிற கம்யூனிஸ்டுகளுக்கு அனுப்ப முடியாது. காலி டின்னையும் விடமாட்டார்கள். அதில் அரிசியைப் போட்டு மூடி வேலிக்கு வெளியே எறிந்துவிடுவோமாம். அப்போது மலாயாவில் அவசரகாலச் சட்டம் அப்படி. சட்டம் வெள்ளைக்காரனுடையது, ஆணியும் சுத்தியலும் மட்டும் என்னுடையது.

என் பெயர் மயிலம்மாள். சாயங்காலம் பாய் கடையில் உட்கார்ந்து டின்னுக்கு ஓட்டை போடுவது என் வேலையில் பாதி. காலையில் கேட்டில் நின்று, ரப்பர் பால்மரம் சீவப் போகிற பெண்களைத் தடவிப் பார்ப்பது மீதிப் பாதி. ரெம்பாவ் டவுனிலிருந்து உள்ளே தள்ளியிருந்த எங்கள் தோட்டத்தில், நாங்கள் குடியிருந்த லயங்களைச் சுற்றி இரண்டு வரிசை முள்வேலி போட்டு, ஒரே ஒரு கேட் வைத்திருந்தார்கள். அதைத் தாண்டி ஒரு பிடி அரிசி போகக் கூடாது. பெண்களைத் தொட ஒரு பெண் வேண்டுமே. மரத்தடியில் வழுக்கி விழுந்ததில் என் முழங்கால் போயிருந்தது, சீவுகிற வேலைக்கு லாயக்கில்லை, அதனால் தொரை என்னைப் பிடித்துப் போட்டார். ஒவ்வொருத்தியும் வந்து கையைத் தூக்கி நிற்பாள். கொண்டை, மார்பு, இடுப்பு என்று தடவிவிட்டு, துப்பாக்கியோடு நிற்கும் ஸ்பெசல் போலீஸ் ஜாபாருக்குக் கேட்கும்படி மலாயில் "தாடா" என்று கத்துவேன். ஒன்றுமில்லை என்று அர்த்தம். ஏதாவது இருந்தால் "அடா."

ஒரே ஒரு தடவைதான் "அடா" சொல்லியிருக்கிறேன். முத்தாயி அப்போது வயிற்றுப்பிள்ளைக்காரி. பச்சரிசி மெல்லும் ஆசை வந்து, ஒரு பிடியை இடுப்பில் முடிந்துவைத்திருந்தாள். அது மெல்லுவதற்குத்தான் என்று எனக்குத் தெரியாதா? அன்றைக்குப் பார்த்து வெள்ளைக்கார இன்ஸ்பெக்டர் பக்கத்தில் நின்று என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். முத்தாயியை ரெம்பாவ் ஸ்டேஷனில் கொண்டுபோய் அடைத்தார்கள். திரும்பி வந்தபின் தினமும் என் முன்னால் வந்து கையைத் தூக்குவாள், முகத்தை மட்டும் பார்க்கமாட்டாள். நான் மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்டுவிட்டு மறுநாள் எந்த முகத்தோடு கேட்டில் நிற்பது? நான் குழாயடிக்கு வந்தால் பேச்சு நின்றுவிடும். கொஞ்ச நாள் அழுதேன், அப்புறம் மரத்துப் போய்விட்டது. என் கைக்கு அரிசி தெரியும், வேறு எதுவும் தெரியாது என்று ஆகிவிட்டது.

என் வீட்டுக்காரர் வீரமுத்துவுக்கு இந்த மரத்துப்போகிற வியாதி வரவே இல்லை. ரப்பர் ஸ்டோரில் இஞ்சின் பார்க்கிற வேலை. பால்வாளி ஓட்டையானால் ஈயம் வைத்துப் பற்றவைப்பதும் அவர்தான்.

"நீ ஓட்டை போடுற, நான் ஓட்டை அடைக்கிறேன். நம்ம ரெண்டு பேரையும் வேலைக்கு வெச்ச தொரைதான்லா பெரிய மடையன்," என்று சொல்லிச் சிரிப்பார். எங்களுக்குப் பிள்ளை இல்லை. லயத்துப் பிள்ளைகள் எல்லாம் அவர் பின்னால்தான் திரியும். என்னோடு பேசாத வீட்டுப் பிள்ளைகளும் அதில் உண்டு.

அவசரகாலம் வந்ததிலிருந்து தீபாவளிக்கு வெடி கிடையாது. துப்பாக்கிச் சத்தம் எது, வெடிச் சத்தம் எது என்று போலீசுக்குக் குழம்பிவிடுமாம், மருந்தும் கெட்டவன் கைக்குப் போய்விடுமாம். அந்த வருசம் முத்தாயியின் மூத்த மகள் பஞ்சாலை எங்கள் வாசலில் நின்று, "மாமா, வாணம்னா என்னா?" என்று கேட்டாள். துப்பாக்கி சுட்டால் சுருண்டு படுக்கத் தெரிந்த பிள்ளைக்கு வாணம் தெரியவில்லை. அது அவரைப் போட்டு அரித்துவிட்டது.

அதற்குக் கொஞ்ச நாள் முன்னால் தொரையின் சாமான்களை ஏற்றிக்கொண்டு லாரியில் சி ரூசா கடற்கரை பங்களாவுக்குப் போய் வந்திருந்தார். அங்கே தொரை வீட்டுப் பிள்ளை ஒரு விளையாட்டுச் சாமானில் தண்ணீரை ஊற்றி, காற்றடித்து மேலே விட்டதைப் பார்த்திருக்கிறார்.

"நெருப்பு இல்ல, மருந்து இல்ல மயிலு. வெறும் தண்ணியும் காத்தும். விர்ர்னு போவுது. அதுக்கு எந்தச் சட்டம்?" என்றார்.

"உங்களுக்கு வேற வேலை இல்ல?" என்றேன்.

"தீவாளியன்னைக்கு இல்லதான்."

அவருக்குக் குறுகின கழுத்துள்ள டின் வேண்டியிருந்தது. நல்லெண்ணெய் டின்னுக்கு அப்படிக் கழுத்து உண்டு. தீபாவளி எண்ணெய்க் குளியலுக்காக பாய் கடையில் டின்னை உடைத்து ஆளுக்கொரு போத்தலில் ஊற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தார். காலியான டின்னை என் வீட்டுக்காரர் கேட்டார். பாய் அக்கம்பக்கம் பார்த்துவிட்டு, "ஒரு டின்னுதானே வீரமுத்து. ஓட்டை போடாமலே எடுத்துட்டுப் போ. நான் பாக்கல, மயிலும் பாக்கல," என்றார்.

"வேணாம் பாய். நம்மளால நீங்க மாட்டிக்க வேணாம், இவளும் மாட்டிக்க வேணாம். சட்டப்படி ஓட்டை போட்டே குடுங்க. அடைக்கத் தெரியாதவனா நான்?"

நான் ஆணியை வைத்து அடித்தேன். எப்போதும் போல மூன்று ஓட்டை, அடுப்புக்கல் மாதிரி முக்கோணமாக. அவர் பக்கத்தில் நின்று, "நல்லா அடி, நல்லா அடி," என்று கேலி பண்ணினார். யாருக்கும் ஒரு கெடுதல் வந்துவிடக் கூடாது என்று அவர் பார்த்துப் பார்த்துச் செய்தது அது.

ஸ்டோரில் வைத்து மூன்று ஓட்டையையும் ஈயத்தால் அடைத்தார். கழிவு ரப்பரில் ஒரு அடைப்பான் செதுக்கி, அதன் நடுவில் பழைய சைக்கிள் டியூபின் வால்வைச் செருகினார். வீட்டுக்கு வந்து, தேயிலைப் பெட்டிப் பலகையில் மூன்று வால் அறுத்து, ஓரத்தை உப்புத்தாளால் மழுங்கத் தேய்த்து, சைக்கிள் டியூபுக்கு ஒட்டுப் போடுகிற பசையால் டின்னில் ஒட்டினார். சாமிப் படத்துக்கு முன்னால் இருந்த குங்குமத்தை எண்ணெயில் குழைத்து வாலுக்குப் பூசினார். நான் வெற்றிலை மடித்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். அவர் சந்தோசமாக இருந்தார். அதைப் பார்க்க எனக்கும் நன்றாகத்தான் இருந்தது.

தீபாவளி அன்று காலை, எல்லாரும் எண்ணெய் தேய்த்துக் குளித்த பிறகு, பந்து விளையாடுகிற திடலில் கூட்டம் கூடியது. வேலி அங்கிருந்து பக்கம். கேட்டுக்கு மேலே இருந்த பரணில் ஜாபார் துப்பாக்கியைச் சாய்த்துவைத்துவிட்டு எட்டிப் பார்த்தார். டின்னில் பாதிக்குத் தண்ணீர் ஊற்றி, அடைப்பானை இறுக்கி, தலைகீழாக இரண்டு செங்கல்லுக்கு நடுவே நிறுத்தி, ஆபீசில் கணக்கு எழுதுகிற கிராணி மணியத்திடம் இரவல் வாங்கிய சைக்கிள் பம்பால் காற்றடித்தார். முதல் தடவை ஒரு தும்மல் தும்மிவிட்டு விழுந்தது. அவர் வேட்டி முழுக்க நனைந்தது. பிள்ளைகள் சிரித்து உருண்டார்கள். இரண்டாம் தடவை கோயில் கூரை உயரத்துக்குப் போய்ப் பிள்ளைகள் மேல் தண்ணீரைத் தெளித்துவிட்டு இறங்கியது. லயமே கத்தியது. ஜாபார் பரணிலிருந்து கை தட்டினார். குழாயடியில் என்னைக் கண்டால் வாய் மூடுகிற பொம்பளைகள், என் தோளைத் தொட்டு, "பாத்தியா உன் புருசன!" என்றார்கள். எத்தனையோ நாளைக்கு அப்புறம் யாரோ என்னைத் தொட்டார்கள்.

அதோடு நிறுத்தியிருக்கலாம். பிள்ளைகள் விடவில்லை. மூன்றாம் தடவை இன்னும் கொஞ்சம் காற்றை ஏற்றினார். கிளம்பும்போதே ஒட்டு விட்டு மூன்று வாலும் உதிர்ந்தன. வால் போன டின் ஒருக்களித்து, உள்வேலியைத் தாண்டி, வெளிவேலியையும் தாண்டி, அந்தப் பக்கத்து லாலாங் புல்லில் போய் விழுந்தது.

சத்தம் அப்படியே நின்றது. வேலிக்கு வெளியே ஒரு டின். ஓட்டை அடைத்த டின். ஆளாளுக்குப் பிள்ளையைக் கையில் பிடித்துக்கொண்டு லயத்துக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்கள். பஞ்சாலை மட்டும் திடலில் குனிந்து எதையோ பொறுக்கிக்கொண்டிருந்தாள், முத்தாயி வந்து அவளையும் இழுத்துக்கொண்டு போனாள்.

என் வீட்டுக்காரர் கேட்டுக்குப் போய், "ஜாபார், கேட்டத் தொற. ஓடிப்போயி எடுத்துட்டு வந்துர்றேன்," என்று கேட்டார். லீவு நாளில் கேட் திறக்க உத்தரவு இல்லை. "நாளைக்கிலா," என்றார் ஜாபார். அவர் முகத்தில் சிரிப்பு இல்லை. சாயங்காலம் வேலியைச் சுற்றி வந்த ரோந்துக்காரர்கள் கண்ணில் டின் பட்டுவிட்டது.

மறுநாள் வேலைக்கு யாரையும் விடவில்லை. எல்லாரையும் திடலுக்கு வரச்சொன்னார்கள். அதே இன்ஸ்பெக்டர் மேசை போட்டு உட்கார்ந்திருந்தார், மேசைமேல் டின். அவர் சொல்வதைக் கிராணி மணியம், துவான் துவான் என்று அவருக்கு மரியாதை போட்டு, தமிழில் சொன்னார்.

முதலில் என்னைக் கூப்பிட்டார்கள். "மயிலம்மா, இந்த ஓட்டை நீ போட்டதான்னு துவான் கேக்குறாரு."

டின்னைத் திருப்பிப் பார்த்தேன். அடுப்புக்கல் மாதிரி மூன்று. "ஆமாங்க ஐயா, நான் போட்டதுதான். சட்டப்படி போட்ட டின்னு," என்றேன். அது அவருக்குச் சாதகமாகும் என்றுதான் நினைத்தேன்.

இன்ஸ்பெக்டர் தலையாட்டினார். கிராணி தொண்டையைச் செருமினார். "ஓட்டை இல்லாத டின்னுன்னா கடைக்காரன் தப்பு, இல்லாட்டி உன் தப்புன்னு சொல்லலாமாம். ஓட்டை போட்டதுக்கப்புறம் ஒருத்தன் உக்காந்து அடைச்சிருக்கான்னா, அது வேணும்னே செஞ்சதுதானாம்."

"அது வாணம் துவான்! புள்ளைங்களுக்கு விட்ட வாணம்," என்றார் என் வீட்டுக்காரர். ஜாபாரைத் திரும்பிப் பார்த்தார். தான் அந்த நேரம் ரோட்டுப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்ததாக ஜாபார் சொன்னார். வேலிக்கு மேலே பறந்ததைப் பார்த்தும் எழுதிவைக்காத போலீஸ்காரனை அவர்கள் சும்மா விடமாட்டார்கள், அவருக்கும் பெண்டாட்டி பிள்ளை உண்டு.

கிராணி கூட்டத்தைப் பார்த்து, "முந்தாநேத்து கூட இல்ல, நேத்துத்தான். இந்த டின்னு வாணமாப் பறந்ததக் கண்ணால பாத்தவங்க கையத் தூக்குங்க," என்றார்.

பெண்டாட்டி சாட்சி எடுபடாது என்று என்னைத் தள்ளி நிறுத்தியிருந்தார்கள். தினமும் என் முன்னால் தூக்குகிற கைகள். அத்தனையும் புடவைக்குள் இருந்தன. பார்த்தேன் என்றால், பார்த்துவிட்டு ஏன் சொல்லவில்லை என்று கேட்பார்கள். கேட்டால் லயத்துக்கே அரிசியைக் குறைப்பார்கள். முன்னால் ஒரு தடவை குறைத்திருக்கிறார்கள். அதுவும் நான் யார், கேட்டுக்காரி. என் புருசனுக்காக யார் கை தூக்குவது? முத்தாயி மூன்றாவது வரிசையில் நின்று தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்ப விட்டுக் காட்டுறேன்," என்றார் என் வீட்டுக்காரர். "இதே டின்ன விட்டுக் காட்டுறேன். பறந்தா நம்புவாரா கேளுங்க ஐயா."

இன்ஸ்பெக்டர் கடிகாரத்தைப் பார்த்துவிட்டுச் சரி என்றார். உண்மையைச் சொல்ல வேண்டும், அந்த மனிதர் கெட்டவராகத் தெரியவில்லை. பறந்திருந்தால் ஒருவேளை சிரித்துவிட்டுப் போயிருப்பார்.

"வாலு வேணும்," என்றார் என் வீட்டுக்காரர். "செவப்பு வாலு, மூணு. இங்கதான் விழுந்துச்சு. டின்னுல ஒட்டுன தடம் பாருங்க துவான், வால அதுல வெச்சா அப்படியே பொருந்தும். யாராச்சும் எடுத்தீங்களா? ஒரு வாலு கெடச்சாக்கூடப் போதும்லா!"

போலீஸ்காரர்கள் திடலைச் சுற்றி வந்தார்கள். ராத்திரி பெய்த மழையில் சேறுதான் இருந்தது. கூட்டத்தில் ஒரு வாயும் திறக்கவில்லை. வால் இல்லாமலே டின்னில் தண்ணீர் ஊற்றி, அடைப்பானை இறுக்கி நிறுத்தினார். பம்பை அடித்தார். விழுந்த வேகத்தில் டின் நெளிந்து ஈயம் விரிந்திருக்க வேண்டும். அடிக்க அடிக்க, நான் போட்ட மூன்று ஓட்டையிலிருந்தும் தண்ணீர் மூன்று பக்கமாகப் பீய்ச்சி அடித்தது. ஒரு கையால் பம்பை அடித்துக்கொண்டே இன்னொரு கையால் ஓட்டையைப் பொத்தினார். ஒன்றைப் பொத்தினால் இரண்டு பீய்ச்சியது. டின் நின்ற இடத்திலேயே நின்றது. ஒரு பிள்ளைகூடச் சிரிக்கவில்லை.

"வேற டின்னு குடுங்க ஐயா. நல்ல டின்னா ஒண்ணு. இப்பவே காட்டுறேன்."

கூட்டத்திலிருந்து மதார் மைதீன் பாய் முன்னால் வந்தார். "நம்ம கடையில உடைக்காத டின்னு இருக்கு துவான். எண்ணெயைக் கொட்டிட்டு இப்பவே தர்றேன்."

கிராணி அதை இங்கிலீசில் சொன்னார். இன்ஸ்பெக்டர் பதில் சொன்னார். கிராணி எங்கள் யாருடைய முகத்தையும் பார்க்காமல், "ஓட்டை போட்டுத்தான் குடுக்கணுமாம்," என்றார்.

"ஓட்டை போட்டா எப்படிப் பறக்கும்?" என்றார் பாய்.

"பாய், வாய மூடுங்க. கடையையும் சேத்து மூடிருவான்," என்றார் கிராணி தாழ்ந்த குரலில்.

அவ்வளவுதான். மறுபடி மழை தூறியது. டின்னை ஒரு பையில் போட்டார்கள், என் வீட்டுக்காரரை லாரியில் ஏற்றினார்கள். ஏறும்போது என்னைத் தேடிப் பார்த்து, "மயிலு, கிராணி ஐயாவோட பம்ப மறக்காமக் குடுத்துரு," என்றார். நான் தலையாட்டினேன். அழ வேண்டும் என்று தெரிந்தது, எங்கிருந்து அழுவது என்று தெரியவில்லை. பம்பைத் துடைத்து அன்றைக்கே திருப்பிக் கொடுத்தேன்.

கேட்டு வேலையிலிருந்து என்னை எடுத்துவிடுவார்கள் என்று நினைத்தேன். எடுக்கவில்லை. புருசன் என்றும் பாராமல் உண்மையைச் சொன்னவள் என்று இன்ஸ்பெக்டர் தொரையிடம் சொல்லியிருக்கிறார். லயத்தில் அதையே வேறு மாதிரி சொன்னார்கள். கட்டினவனையே காட்டிக்கொடுத்தவளாம். நான் யாரோடும் சண்டைக்குப் போகவில்லை. காலையில் கேட், சாயங்காலம் ஆணி. ராத்திரி ஒருத்திக்குச் சோறு பொங்க அளவு தெரியாமல் தினமும் மிச்சமாகும்.

ரெம்பாவுக்கு ஒரு தடவை போனேன், வேறெங்கோ கொண்டுபோய்விட்டதாகச் சொன்னார்கள். பிறகு ஒருநாள் கிராணி என்னை ஆபீசுக்குக் கூப்பிட்டு உட்காரச் சொன்னார். அவர் என்னை உட்காரச் சொன்னது அதுதான் முதல் தடவை. என் வீட்டுக்காரரை நாடு கடத்தி இந்தியாவுக்குக் கப்பல் ஏற்றிவிட்டார்கள், கப்பல் போய் ஒரு மாதம் ஆகிவிட்டது என்றார். ஸ்டோருக்குப் பின்னால் இருந்த பழைய லயத்தில் பிறந்தவர் என் வீட்டுக்காரர். இந்தியாவில் எந்த ஊர் என்று கேட்டால் அவருக்கே சொல்லத் தெரியாது. அதைக் கிராணியிடம் சொன்னேன். பிறந்ததற்குப் பத்திரம் இல்லையே அம்மா, என்றார்.

அது லயம் முழுக்கத் தெரிய அரைநாள் போதும். மறுநாள் காலை கேட்டில் பெண்கள் வரிசையாக வந்தார்கள். நான் தடவினேன், தாடா, தடவினேன், தாடா. முத்தாயியின் முறை வந்தது. கையைத் தூக்கி நின்றாள். கொண்டையில் ஒன்றுமில்லை. மார்பில் ஒன்றுமில்லை. இடுப்பு மடிப்பில் என் விரல் எதிலோ தட்டியது. அரிசி இல்லை. தட்டையாக, ஒரு பக்கம் வளைந்து, ஓரம் மழுங்கத் தேய்த்த ஒரு சின்னப் பலகை. மடிப்பை லேசாக விலக்கினேன். குங்குமம் இன்னும் போகவில்லை.

முத்தாயி அன்றைக்கு என் முகத்தைப் பார்த்தாள்.

"புள்ள எடுத்து வெச்சிருந்துச்சுக்கா," என்றாள் மெதுவாக. "அன்னைக்கே எனக்குத் தெரியும்."

தூக்கின கையை அவள் இறக்கவில்லை. நான் ஒரு வார்த்தை கத்தினால் போதும், லாரி அவளை ஏற்றிக்கொண்டு போகும். வேலியைத் தாண்டின டின்னின் வால் இத்தனை நாள் உன் வீட்டில் எப்படி என்று கேட்பார்கள். அது தெரிந்துதான் அதை இடுப்பில் செருகிக்கொண்டு என் கைக்கு வந்திருந்தாள்.

என் கை நின்றுபோனதை ஜாபார் பார்த்துவிட்டார். "அடா?" என்று கேட்டார்.

கோபம் வரும் என்று கொஞ்சம் காத்திருந்தேன். வரவில்லை. அழுகையும் வரவில்லை. விரல் மட்டும் அந்த ஓரத்தை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தது. என் வீட்டுக்காரர் அதைத் தேய்த்துத் தேய்த்து, பிள்ளைகள் கையில் குத்திவிடக் கூடாது என்று சொல்லிக்கொண்டே தேய்த்தது ஞாபகம் வந்தது. பிறகு விரல் தானாக விட்டது. மடிப்பை இழுத்து, வெளியே தெரியாதபடி இறுக்கிச் செருகினேன்.

"தாடா," என்றேன்.

முத்தாயி நகராமல் நின்றாள்.

"போ," என்றேன். அவளுக்குப் பின்னால் நின்றவள் முன்னே வந்து கையைத் தூக்கினாள்.